கேப்சூல் விழுங்கிய பின் ஐந்து நாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாள்பட்ட மலச்சிக்கல் பற்றிய தங்கள் நலவாழ்வுப் பக்கக் கட்டுரை கொலோனோஸ்கோப்பியோடு நின்றுவிட்டது. குழாய் விட்டுப் பார்த்தால் புண், கட்டி தெரியும். பெருங்குடல் மலத்தை எவ்வளவு வேகமாக நகர்த்துகிறது என்பது தெரியாது. அதை அளக்க ஒரு கேப்சூலும் ஓர் எக்ஸ்ரேயும் போதும். ஆனால் நோயாளி வீட்டிலேயே, தெரியாமலே கெடுத்துவிடக்கூடிய சோதனை இது.

கேப்சூலுக்குள் பெரும்பாலும் 24 சிறு வளையங்கள் இருக்கும். அவை செரிக்காது, எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். கடிக்காமல் விழுங்கி, நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 120 மணி நேரம் கழித்து எக்ஸ்ரே. 5 அல்லது அதற்குக் குறைவாக மிஞ்சியிருந்தால் குடல் வேகம் இயல்பு. இந்தியர்களுக்குக் குடல் ஓட்டம் மேலைநாட்டினரைவிட விரைவு என்பதால், லக்னோ சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனத்தார் 2007இல் வேறு கணக்கு வகுத்தார்கள்: 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை 20 வளையங்களாக மூன்று வேளை, முதல் வேளையிலிருந்து 36, 60 மணி நேரத்தில் எக்ஸ்ரே. உங்களுக்கு எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'நாளைக்குப் போய் எடுத்தால் என்ன' என்று தள்ளிப்போட்டால் எண்ணிக்கைக்குப் பொருளே இல்லை.

இடைப்பட்ட நாட்களில் பேதி மருந்து, எனிமா, ஆசனவாயில் வைக்கும் மாத்திரை எதுவும் கூடாது. சறுக்குவது இங்கேதான். 'மருந்தே எடுக்கவில்லை' என்பவர் இரவில் கடுக்காய்ப் பொடி சாப்பிட்டிருப்பார். திரிபலா, விளக்கெண்ணெய், நிலாவாரைச் சூரணம் எல்லாம் மருந்துக் கணக்கில்தான் சேரும். மருந்துக்கடை சென்னா மாத்திரையே நிலாவாரைதான். சோதனை நடக்கிறதே என்று பப்பாளியும் கீரையுமாகத் திடீரெனச் சாப்பாட்டை மாற்றவும் வேண்டாம். வலிக்கான டிரமடால், மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின், ரத்த அழுத்தத்துக்கான வெராபமில், இரும்புச்சத்து மாத்திரைகள் மலத்தைக் கட்டும். தாமாக நிறுத்தாமல் பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள். தாங்க முடியாமல் பேதி மருந்து எடுத்துவிட்டால் மறைக்காதீர்கள், சோதனையைப் பிறகு திரும்பச் செய்யலாம். மலத்தில் வளையத்தைத் தேடும் வேலை யாருக்கும் தேவையில்லை.

முடிவில் எண்ணிக்கையோடு இடத்தையும் பார்க்க வேண்டும். வளையங்கள் பெருங்குடல் முழுக்கச் சிதறியிருந்தால் குடலே மந்தம். மலக்குடல் பக்கம் குவிந்திருந்தால் வெளியேற்றுவதில் கோளாறு இருக்கலாம்: முக்கும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசை இறுகிக்கொள்கிறது. அதற்கு அந்தத் தசையின் அழுத்தத்தை அளக்கும் அழுத்தமானிச் சோதனையும், 50 மில்லி தண்ணீர் நிரப்பிய பலூனை வெளித்தள்ளும் சோதனையும் உண்டு; சிகிச்சை பெரும்பாலும் தசைப் பயிற்சிதான். ஆசனவாய் என்னும் வாசல் இறுகினால் மேலே உள்ள குடலும் மெதுவாகும். ஆகவே 'குடல் மந்தம், வெட்டி எடுக்கலாம்' என்று யாராவது சொன்னால், வாசலைச் சோதித்தாயிற்றா என்று கேட்பது நியாயம்.

மலத்தில் ரத்தம், எடை குறைவு, ரத்தசோகை இருப்பவர்களுக்கு முதலில் கொலோனோஸ்கோப்பிதான். கர்ப்பம், குடல் அடைப்புச் சந்தேகம் இருந்தால் கேப்சூலை விழுங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். எக்ஸ்ரே படம் இடுப்பெலும்பின் அடிவரை முழுதாக விழுந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கீழே வெட்டுப்பட்ட படத்தில் மலக்குடல் வளையங்கள் கணக்கில் வராமல் போகும்.

இப்படிக்கு,
குடல் இயக்கப் பரிசோதனைப் பிரிவினர்