மெண்டல் எண்ணிய பட்டாணி

ஆசிரியர் அவர்களுக்கு,

பட்டாணிச் செடிகளில் பரம்பரைப் பண்புகளை ஆராய்ந்த துறவி மெண்டல், ‘ஜீனைக் (மரபணுவை) கண்டுபிடித்தார்’ என்று பலரும் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லே 1909-இல்தான் வந்தது. அவர் 1884-இலேயே காலமாகிவிட்டார். இன்றைய செக் நாட்டிலுள்ள பிர்னோ நகர மடத்துத் தோட்டத்தில் அந்தத் துறவி செய்தது, பொறுமையாக எண்ணியது. உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கிய விதைப் பட்டாணியையும் கலப்பு செய்தார். முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. சரி, சுருக்கம் தொலைந்தது என்று அவர் விட்டுவிடவில்லை. அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று! மறைந்திருந்த பண்பு அப்படியே திரும்பி வந்திருந்தது. 1865-இல் அவர் சொன்னதை அறிவியல் உலகம் 1900-இல்தான் காதில் வாங்கியது. எங்களுக்குப் பள்ளியில் விகிதத்தை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். இந்த எண்களைக் காட்டியிருந்தால் அப்போதே ரசித்திருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை