தீர்க்கசுமங்கலி என்ற வாழ்த்தைப் பற்றி

அன்பு மகளுக்கு,

பெரியவர்கள் காலில் விழும்போதெல்லாம் 'தீர்க்கசுமங்கலியாக இரு' என்று வாழ்த்துகிறார்களே, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொல்லி முடியாது என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

சுமங்கலி வடசொல். 'சு' என்றால் நல்ல. மங்கலம் நீ அறிந்ததே. நன்மங்கலம் உடையவள் என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குள் வேறு பொருள் இல்லை. கணவனைப் பற்றிய குறிப்பு அதில் எங்கும் கிடையாது. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உள்ள 85ஆம் பாடல் திருமணப் பாடல். 'இம்மணமகள் நன்மங்கலம் உடையவள், எல்லோரும் கூடி வந்து இவளைப் பாருங்கள், இவளுக்கு நல்வாழ்வை வாழ்த்திவிட்டு வீடு திரும்புங்கள்' என்று அதன் 33ஆம் மந்திரம் சொல்கிறது. மாமனாரிடத்தும் மாமியாரிடத்தும் பேரரசியாக விளங்கு என்று 46ஆம் மந்திரம் அவளையே வாழ்த்துகிறது. மங்கலம் அவள் கொண்டுவருவது. ஒருவன் கொடுத்துப் பின் அவனோடு போய்விடுவதன்று.

பிற்கால வழக்கில்தான் அச்சொல், கணவன் உயிரோடு இருக்கும் பெண் என்ற ஒரே பொருளில் குறுகி நின்றுவிட்டது. 'தீர்க்க' என்றால் நீண்ட என்று பொருள். உன் கணவன் நெடுங்காலம் வாழ வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடுதான் பெரியவர்கள் அப்படி வாழ்த்துகிறார்கள். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அந்த வாழ்த்து முழுமையாகப் பலிக்க வேண்டுமானால், நீ அவருக்கு முன்னால் போய்விட வேண்டும். 'பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தாள், கொடுத்துவைத்தவள்' என்று துக்க வீட்டில் பேசுவதை நீயே கேட்டிருப்பாய்.

இந்த எண்ணத்தின் வேர் மிகப் பழையது. புறநானூற்றின் 246ஆம் பாடலைப் பாடியவர் பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு. கணவனின் சிதையில் ஏறப் புறப்பட்டவரைச் சான்றோர் தடுக்கிறார்கள். நெய் படாத சோற்றுத் திரளையும், எள் துவையலையும், புளி சேர்த்து வேகவைத்த வேளைக் கீரையையும் உண்டு, பாய் இல்லாமல் பருக்கைக் கல்லின்மேல் படுத்துக் கிடக்கும் கைம்பெண் நான் அல்லேன் என்று அவர் மறுக்கிறார். அரசியே தீயைவிட அஞ்சிய வாழ்வு அது என்றால், சுமங்கலி என்ற சொல்லைப் பெண்கள் ஏன் அவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டார்கள் என்பது விளங்கும்.

ஆண்களுக்கு இப்படி ஒரு பெயர் இல்லை. மனைவி உயிரோடு இருப்பதைக் கொண்டு ஓர் ஆணை அழைக்கும் சொல்லை நான் கேட்டதே இல்லை. மனைவியை இழந்தவனின் நிலையைத் தொல்காப்பியம் 'தபுதார நிலை' என்கிறது; அச்சொல்லோ பேச்சிலிருந்து நழுவிப்போய்விட்டது. தபுதாரன் என்று யாரும் யாரையும் சொல்வதில்லை. விதவை என்ற சொல் மட்டும் மறையாமல் நின்றுவிட்டது.

தமிழில் நமக்கு வேறு சொற்கள் உண்டு. மனைவி, மனையை உடையவள். இல்லாள், இல்லத்தை ஆள்பவள். சுமங்கலிக்கு ஈடாக வாழ்வரசி என்றும் சொல்வார்கள். அதில் அரசி இருக்கிறாள் என்றாலும், வழக்கில் அவளுடைய அரசும் கணவனின் ஆயுளோடு முடிந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது கிழத்தி. கிழமை என்றால் உரிமை. ஞாயிற்றுக்கு உரிய நாளை ஞாயிற்றுக்கிழமை என்கிறோமே, அதே கிழமைதான். தொல்காப்பியம் தலைவனைக் கிழவன் என்றும் தலைவியைக் கிழத்தி என்றும் ஒரே வேரிலிருந்து அழைக்கிறது. அங்கே உரிமை இருவருக்கும் உண்டு.

அகநானூற்றில் நல்லாவூர் கிழார் பாடிய 86ஆம் பாடலை நீ ஒருமுறையாவது படிக்க வேண்டும். உழுந்து சேர்த்துக் குழைய வேகவைத்த களி, வரிசையாகக் கால் நட்ட பந்தல், கொண்டுவந்து பரப்பிய புது மணல், ஏற்றிய விளக்கு, தொங்கவிட்ட மாலைகள் என்று ஒரு திருமண வீடு கண்முன்னே எழுகிறது. விடியலில் நான்கு பெண்கள் கூடி மணமகளை நீராட்டி வாழ்த்த, நீரோடு சொரிந்த பூவிதழும் நெல்லும் அவள் கூந்தலில் தங்கி நிற்கின்றன. அந்த நால்வரும் புதல்வரைப் பெற்றவர்கள் என்று பாட்டு சொல்கிறது. அது அக்காலத்தின் அளவுகோல், அதை உன்னிடம் மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் பிறகு சுற்றத்தார் கூடிவந்து அவளை அவனிடம் தரும்போது சொல்லும் சொல்லைப் பார்: 'பேரிற் கிழத்தி ஆக'. பெரிய இல்லத்துக்கு உரியவள் ஆவாயாக என்பது அதன் பொருள். யார் முன்னே இறப்பது, யார் பின்னே இறப்பது என்ற பேச்சே அந்த வாழ்த்தில் இல்லை. தாலியைப் பற்றிக்கூட அந்தப் பாட்டில் ஒரு சொல் இல்லை.

இதையெல்லாம் இவ்வளவு அக்கறையாக எழுதுவதற்கு உன் அத்தைதான் காரணம். மாமா இறந்த பிறகு உன்னைப் பள்ளிக்குத் தலைவாரி அனுப்பியதும், நீ காய்ச்சலில் கிடந்தபோது கண்விழித்ததும் அவள்தான். அப்படிப்பட்டவள் உன் திருமணத்தில் மணவறைப் பக்கம் வராமல், பந்திக்கு இலை போடும் இடத்திலேயே நின்றுவிட்டாள். அவளை யாரும் வராதே என்று சொல்லவில்லை; ஒரு சொல் அவளுக்கு அப்படிச் சொல்லியிருந்தது. மங்கலம் அவளிடம் இல்லையென்றால் நம் வீட்டில் வேறு யாரிடம் இருக்கிறது?

வரும் தை மாதம் உன் தம்பியின் திருமணத்தில் குத்துவிளக்கை அத்தைதான் ஏற்ற வேண்டும் என்று நானும் அப்பாவும் முடிவு செய்திருக்கிறோம். சம்பந்தி வீட்டாரிடமும் சொல்லிவிட்டோம். முதலில் சற்றுத் தயங்கினாலும் ஒப்புக்கொண்டார்கள். தயக்கம் இனி அத்தைக்குத்தான். நான் கூப்பிட்டால் ஏதாவது வேலையைச் சொல்லி நழுவிவிடுவாள். நீ கைபிடித்து அழைத்தால் மறுக்கமாட்டாள். அதனால் திருமணத்துக்கு நான்கு நாள் முன்னதாகவே வரும்படி பயணச்சீட்டு எடுத்துக்கொள். மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்காவிட்டால் அவர் பிறகு வரட்டும்.

அன்புடன்,
அம்மா