உடைமுள் வேலி போட்ட பாட்டையாவுக்கு நன்றி

எங்கள் வளாகத்துப் பரம்பில், அதாவது மேட்டுநிலத்தில், விடுதிக்கு அஸ்திவாரம் தோண்டும்போது பழங்காலத் தாழிகள், இறந்தவர்களின் எலும்பை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள், வெளியே தெரிந்தன. வேலையை நிறுத்தச் சொல்லிப் போராடினோம். நேற்றுச் சாயங்காலம்தான் கடிதம் கைக்கு வந்தது. விடுதிக்கு அஸ்திவாரம் தோண்டும் இடம் கிழக்கே தள்ளிப் போகிறது. தொல்லியல் துறையினர் வந்து பார்க்கும்வரை பரம்பில் யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது. இந்தப் பதினோரு நாள் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்பக் கிளற மனசில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

நடுவில் வந்த நான்கு நாள் விடுமுறையில் எனக்குத் தூக்கமே இல்லை. பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். மூன்று தாழிகளின் வாய் வெளியே தெரிந்தபடி கிடந்தது. அனுமதியில்லாமல் நாங்கள் உள்ளே கைவைக்கவும் கூடாது. பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடந்த நெல் உமிதான் கி.மு. 1155 என்று காலம் காட்டியது. ஒருவர் கம்பியை விட்டுக் கிளறினால் அப்படியொரு சாட்சி மண்ணோடு மண்ணாகிவிடும்.

ஐந்தாம் நாள் விடியற்காலையில் ஓடிப்போய்ப் பார்த்தால், மூன்று தாழியையும் சுற்றி உடைமுள் வேலி. கவைக்கம்பால் அமுக்கி, ஆடு தலை நுழைக்க இடமில்லாமல் நெருக்கிப் போட்டிருந்தது. நிர்வாகத்தில் யாரோ செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். காவலாளி அண்ணன்தான் சொன்னார், ஆடு மேய்க்கிற பாட்டையா தனியாளாகப் போட்டது என்று.

தேடிப் போனேன். இரண்டு கையிலும் முள் கிழித்த கோடு.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பிள்ளைகள வரச் சொல்லியிருப்பேனே பாட்டையா?"

"பிள்ளையளுக்கு முள்ளு வெட்டத் தெரியுமா தாயி? தங்கம் இருக்குன்னு ரெண்டு பயலுவ கம்பியோட வந்தானுவ. நம்ம பூட்டன் பூட்டிமாருல்லா உள்ள உக்காந்திருக்காவ!"

வயதாகியும் உயிர் பிரியாத முதியவர்களை, விளக்கும் சோறும் வைத்துத் தாழியில் இறக்கிவிடுவார்கள் என்ற கதையை நம்பித்தான் அப்படிச் சொன்னார். நானும் சிறுபிள்ளையில் கேட்டதுதான். வகுப்பில் அதைத் திருத்திப் பழகியவள் நான். இறந்தவர்களின் எலும்பை வைத்த ஈமத்தாழி என்று இனியும் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் அந்தக் கதைதான் அவரை அரிவாளோடு உடைமரக் காட்டுக்கு அனுப்பியது. என் பாடம் எதுவும் அந்த வேலியைப் போடவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் சுற்றுச்சுவர் எழும்பும் முன்பு அவருடைய ஆடுகள் அந்தப் பரம்பு வழியாகத்தான் குளத்துக்குத் தண்ணீருக்குப் போகும். சுவர் வந்தபின் ஊரைச் சுற்றிப் போகிறார். அந்த மனிதர்தான் சுவர் இடிந்த இடத்தில் ஏறி வந்து எங்கள் வளாகத்துக்குள் காவல் இருந்திருக்கிறார். இரண்டு வருடமாகப் பிள்ளைகளோடு தொல்லியல் மன்றம் நடத்துகிறோம். ஊரிலிருந்து ஒருவரைக்கூட அழைத்ததில்லை. மேற்குச் சுவரில் ஒரு வாசல் கேட்டு மனு எழுதிவிட்டேன். கிடைக்கும்வரை விடமாட்டேன்.

ஜேசிபியை நிறுத்தி, அன்றைய வாடகை போனாலும் பரவாயில்லை என்று இறங்கிய ஓட்டுநர் தம்பிக்கும், பழைய புலப்படத்தை எடுத்து வந்து எல்லை காட்டிய ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஐயாவுக்கும், சென்னையிலிருந்து அலுவலகம் அலுவலகமாகப் போன் போட்ட முன்னாள் மாணவர்களுக்கும், காசு வாங்காமல் டீ கொடுத்த அக்காவுக்கும், வெயிலில் நின்று ஒவ்வொரு பானைச் சில்லையும் அளந்து படமெடுத்த என் பிள்ளைகளுக்கும் நன்றி. சிவகளையை அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனதும் ஒரு பள்ளி ஆசிரியர்தான் என்று சோர்ந்த நேரத்தில் நினைவூட்டிய சக ஆசிரியைக்கும் நன்றி.

1876-ல் யாகோர் என்ற ஜெர்மானியர் ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. இங்கே கிடைப்பதை இந்த ஊர்ப் பிள்ளைகள் நடந்து வந்து பார்க்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பரம்பைக் காட்டுகிறோம், எல்லோரும் வாருங்கள். நான்கு மணி என்றுதான் முதலில் வைத்திருந்தோம். ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டுத்தான் வரமுடியும் என்று பாட்டையா சொன்னதால் ஐந்தரைக்கு மாற்றியிருக்கிறோம்.