அச்சுப் பிழையும் பட்டறை வேலையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். சென்ற மாதம் முத்தியால்பேட்டையிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர், நாணயச் சாலையில் தவறி அச்சாகி, சேகரிப்பாளர்கள் தேடும் பிழை நாணயம் என்று நம்பி வெளியூரில் ஒருவரிடம் நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பத்து ரூபாய் நாணயம் ஒன்றை எங்கள் மேசைமேல் வைத்தார். வெளி வளையத்தில் நாட்டின் பெயர் வழக்கம்போல் இடமும் வலமுமாக நிற்க, நடுவில் இருக்கும் சிங்கத் தூண் மட்டும் பக்கவாட்டில் படுத்திருந்தது. பார்வைக்கு அபூர்வமாகத்தான் இருந்தது. ஆனால் அது நாணயச் சாலையில் நேர்ந்த பிழை அன்று என்று சொல்ல எங்களுக்குப் பூதக்கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை. அதற்கான காரணத்தை அவருக்குச் சொன்னபோது, இதை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் எழுதிவிட்டால் நல்லது என்று தோன்றியது.

பத்து ரூபாய் நாணயத்தின் வெளி வளையமும், அதனுள் இருக்கும் வட்டத் துண்டான நடுவில்லையும் வெவ்வேறு உலோகங்கள். அவை இரண்டும் உருவம் ஏதும் இல்லாத வெற்றுத் துண்டுகளாகவே ஒன்றினுள் ஒன்று பொருத்தப்பட்டு, அதன் பிறகே ஒரே சோடி அச்சுகளுக்கு இடையில் ஒரே அடியில் உருவம் பெறுகின்றன. எனவே நடுவில்லை வளையத்தின் மையத்திலிருந்து விலகிப் போகலாம், நடுவில்லையே இல்லாமல் வளையம் மட்டும் அச்சாகலாம், ஆனால் வளையத்தின் உருவமும் நடுவில்லையின் உருவமும் ஒன்றுக்கொன்று திரும்பி நிற்க வழியே இல்லை. அப்படி நின்றால், அச்சான பிறகு யாரோ நடுவில்லையைத் தட்டி எடுத்து, திருப்பி உள்ளே அழுத்தியிருக்கிறார்கள் என்றுதான் பொருள். இரண்டும் சேரும் கோட்டைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் கருவி பட்ட கீறல் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எந்தப் பிழை நாணயத்தைப் பார்த்தாலும் நாங்கள் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: மேலச்சு, கீழச்சு, விளிம்பைப் பிடிக்கும் காலர், நடுவில் ஒரு வெற்று வில்லை என்ற இந்த நான்கைக் கொண்டு இது நடந்திருக்க முடியுமா? முடியாதென்றால், பார்க்க எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும், அது சேதப்பட்ட நாணயமே.

பூவா தலையா போட்டால் எப்போதும் தலையே விழும் இருதலை நாணயங்களைக் கேட்டுப் பலர் வருகிறார்கள். இவை வித்தைக்காரர்களுக்காகக் கடைசல் பட்டறையில் செய்யப்படுபவை. ஒரு நாணயத்தின் உட்புறத்தைக் கிண்ணம்போல் குடைந்து, இன்னொன்றை மெலிதாகச் சீவி அதற்குள் பதிப்பார்கள். பதித்த கோடு விளிம்பின் வெளியே இருக்காது. ஒரு முகத்தில், விளிம்பை ஒட்டிய உட்புறத்தில் வட்டமாக ஓடும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் அதைத் தேடுங்கள். கல் தரையில் போட்டால் கணீர் என்ற ஓசை வராது. அச்சுகள் மாறிப் பொருத்தப்பட்டதால் உண்மையாகவே அச்சாகும் கலப்பு நாணயங்கள் உலகில் உண்டு என்றாலும், இந்த மேசைக்கு வந்த இருதலை நாணயங்களில் ஒன்றுகூட அப்படிப்பட்டதாக இருந்ததில்லை.

அடுத்தது, எங்களையே ஒருமுறை ஏமாற்றிய வகை. அச்சான நாணயம் வெளியே விழாமல் ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வில்லையின் ஒரு பக்கத்தை அந்த நாணயமே அச்சாக இருந்து அடிக்கும். அப்போது ஒரு பக்கம் சிங்கத் தூண் எழும்பியும், மறுபக்கம் அதே சிங்கத் தூண் இடவலம் மாறிக் குழிந்தும் வரும். ஆங்கிலத்தில் புரோக்கேஜ் எனப்படும் இதற்குச் சேகரிப்பாளர்களிடையே நல்ல மதிப்பு உண்டு. போலி செய்பவர்கள் இரண்டு நாணயங்களை முகத்தோடு முகம் வைத்து வைஸ் என்னும் பிடிக்கருவியில் நெரித்துவிடுகிறார்கள். அப்போதும் குழிந்த எழுத்துகள் இடவலம் மாறித்தான் பதியும், ஆனால் அவற்றின் அடியில் அந்தப் பக்கத்துக்குரிய பழைய உருவம் நசுங்கியபடி எஞ்சியிருக்கும். உண்மையான பிழையில் அடியில் எதுவும் இருக்காது, ஏனெனில் அந்தப் பக்கம் அதுவரை வெறும் வில்லையாகவே இருந்தது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இரண்டு ரூபாய் நாணயத்தை நாங்களே விற்று, பிறகு தவறு தெரிந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த நாணயம் இன்றும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கேட்பவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறோம்.

பிறை வடிவில் ஓரம் வெட்டுப்பட்ட நாணயங்களில் வெட்டை மட்டும் பார்க்காமல், அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பையும் பாருங்கள். உலோகத் தகட்டிலிருந்து வில்லையை வெட்டும்போதே குறை நேர்ந்திருந்தால், விளிம்பு எழுப்பும் கட்டத்தில் அழுத்தம் சரியாகக் கிடைக்காமல் எதிர்ப்புற விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். வெட்டை ஒட்டிய எழுத்துகளும் இழுபட்டுத் தேய்ந்து மறையும். எழுத்து கத்தரித்தாற்போல் நின்று, எதிர்ப்புற விளிம்பும் முழுமையாக இருந்தால், அது அரத்துக்கும் வெட்டிரும்புக்கும் பிறந்த பிறை.

உலோகம் மாறிய நாணயம், அதாவது தவறி வேறொரு உலோக வில்லையில் அச்சானது என்று சொல்லப்படுவதை எடைபோடாமல் வாங்காதீர்கள். 1992 முதல் 2010 வரை வந்த எஃகு ஒரு ரூபாயின் எடை 4.85 கிராம். பழைய செப்பு-நிக்கல் இரண்டு ரூபாய் 6 கிராம், ஐந்து ரூபாய் 9 கிராம். செம்பு நிறத்தில் மின்னும் அந்த ஒரு ரூபாய், தராசில் 4.85 காட்டி, காந்தத்திலும் ஒட்டிக்கொண்டால், அது முலாம் பூசிய எஃகுதான்.

பிழையே இல்லாதவையும் பிழையென்று வருகின்றன. 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் உள்ள ஹெச் (H) என்ற ஆங்கில எழுத்துக் குறி, அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சானதைக் காட்டுகிறது. ஆண்டின் கீழே வைரக் குறி மும்பையையும், நட்சத்திரம் ஹைதராபாத்தையும், புள்ளி நொய்டாவையும் குறிக்கும். கொல்கத்தா நாணயச் சாலைக்குக் குறி இல்லை என்பதால், குறி விடுபட்டது என்று யாராவது விலை சொன்னால் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். நம் புதுச்சேரியிலேயே பிரெஞ்சுக்காரர் காலத்தில் அடித்த, லில்லிப் பூவும் தமிழில் ஊர்ப் பெயரும் கொண்ட செப்புத் துட்டுகளில் உருவம் ஒரு பக்கம் ஒதுங்கியே இருக்கும். அவை கையால் அடிக்கப்பட்டவை, எனவே அங்கே அதுதான் இயல்பு. அவற்றின் விலைக்குக் காரணம் வேறு.

பழைய நாணயங்களை லட்சக்கணக்கில் வாங்குவதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அத்தகைய வாங்கல் விற்றலில் தனக்குத் தொடர்பில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே அந்த வங்கி எச்சரித்துள்ளது.

சந்தேகமுள்ள நாணயத்தை, எங்கே வாங்கியிருந்தாலும், கடைக்குக் கொண்டுவரலாம். உங்கள் கண்முன்னே எடைபோட்டு, லென்ஸில் காட்டி, காரணத்தோடு எங்கள் கருத்தைச் சொல்வோம். இதற்குக் கட்டணம் இல்லை. எங்களிடம் வாங்கிய பிழை நாணயம் பட்டறை வேலை என்று பின்னர் தெரிந்தால், எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும் முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும். ஒரே ஒரு வேண்டுகோள்: கொண்டுவருமுன் புளியோ விபூதியோ போட்டுத் துலக்காதீர்கள். நாங்கள் தேடும் கீறலும் பதித்த கோடும் அதில் மறைந்துவிடும். உண்மையான பிழையாக இருந்தால் அதன் விலையும் குறைந்துவிடும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
புதுச்சேரி