உயிரியலுக்குள் ஒரு கணிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னிக் காட்டுச் சிறுத்தைக்குப் புள்ளிகள் எவ்வாறு அமைகின்றன என்ற கேள்வி, வகுப்பறையில் பெரும்பாலும் மரபணு என்ற ஒரு சொல்லுடன் முடிந்துவிடுகிறது. ஆனால் 1952ஆம் ஆண்டிலேயே கணிதவியலாளர் அலன் டூரிங், தன்னையும், தன் பெருக்கத்தைத் தடுக்கும் இன்னொரு பொருளான தடுப்பியையும் பெருக்கும் ஓர் இரசாயனப் பொருள் மெதுவாகவும் அத்தடுப்பி விரைவாகவும் பரவுமாயின், முற்றிலும் சீரான இழையத்திலும் புள்ளிகளோ வரிகளோ தாமாகவே எழக்கூடும் என்று காட்டினார். எலி முளையத்தில் விரல்கள் வகுபடுவதற்கும் இத்தகைய பொறிமுறையே காரணம் என்பதற்குப் பிற்கால ஆய்வுகள் வலுவான சான்று தந்துள்ளன. கணிதமும் உயிரியலும் இவ்வளவு அழகாக இணையும் இடம் அரிது. உயர்தரத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு பிரிவுகளாக இருப்பதால், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாணவர்கள் இதனை அறியும் வகையில் தங்கள் மாணவர் பக்கத்தில் எளிய தமிழ்க் கட்டுரைகளை வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

உயிரியல் ஆசிரியர்,
கிளிநொச்சி