அண்ணா, அந்த அல்லி மாலை கிடைத்தது

அண்ணா,

இன்று காலை அம்மாவின் முதல் வருஷத் திதி. நீ வீடியோவில் பார்த்தாய், அதை எழுதப்போவதில்லை. வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட முடிவு செய்துவிட்டேன். அடுத்த வாரம் போடுகிறேன்.

பீரோவைக் காலி செய்யும்போது அம்மாவின் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் பழுப்பாக ஏதோ நார் இருந்தது. தொட்டதும் உதிர்ந்தது. போட்ஸ்வானாவில், அந்த ஒகவாங்கோ சதுப்பில், மொகோரோ என்ற ஒடுக்கமான ஓடத்தைக் கழியால் தள்ளிவந்தவர் செய்துகொடுத்த அல்லித்தண்டு மாலை.

2018, ஆகஸ்ட் 3. குட்டி விமானத்தில் கெட்டிப் பெட்டி ஏறாது என்று மவுன் ஊர் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். அம்மாவின் புடவைகள் இரண்டு மஞ்சள் பையில்தான் அந்த ஆடம்பரக் கூடாரத்துக்கு வந்தன. கூடாரத்துக்குள் குளியல் தொட்டியைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு!

மொகோரோவில் அம்மாவும் நானும் முன்னால், நீ பின்னால் வேறொன்றில். கோரைக்கு நடுவே தண்ணீர் கண்ணாடி மாதிரி, அடியில் மணல் தெரிந்தது. சுற்றிலும் ஒரு சொட்டு மழையில்லாத குளிர்காலம். தை, மாசியில் அங்கோலா மலையில் பெய்த மழை ஆனி, ஆடியில்தான் இங்கே வந்து சேரும் என்று நீதானே சொன்னாய். "நம்ம ஊரு மாதிரியே, எங்கேயோ பெய்யுது, இங்கே வருது. மேட்டூர் மாதிரி அணை உண்டா?" என்றாள் அம்மா. இல்லை என்றாய். கடலுக்கும் போகாது, வெயிலும் செடிகளும் குடித்ததுபோக மிச்சம் மணலில் இறங்கிவிடும் என்றாய். அம்மா கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம், "இன்னிக்குப் பதினெட்டாம் பெருக்குடா" என்று சொல்லிக்கொண்டே குனிந்து தண்ணீரை அள்ளப் போனாள்.

"கையை உள்ளே வைம்மா! முதலை இருக்கு!"

நீ போட்ட அந்தச் சத்தத்தில் நாரைகூட எழுந்து பறந்தது. அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிய பிள்ளை மாதிரி. நீ சொன்னது சரிதான், முதலையும் நீர்யானையும் உள்ள தண்ணீர். ஆனால் அந்தக் குரல் எதற்கு?

மொகோரோக்காரர்தான் கழியை நிறுத்தி ஓர் அல்லியைப் பறித்தார். தண்டைத் துண்டு துண்டாக ஒடித்து, தோல் மட்டும் அறுந்துவிடாமல் விட்டு, பூவைப் பதக்கம்போலத் தொங்கவிட்டு, "மா" என்று நீட்டினார். அங்கே பெரியவளை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். "என் பிள்ளை மாதிரி கூப்பிடுறான்" என்று அம்மா கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

நீ அம்மாவிடம் அப்படிக் கத்திய கோபத்தில்தான் ராத்திரிச் சாப்பாட்டில் வாய்விட்டேன். மூன்று ராத்திரிக்கு நீ கட்டிய காசில் வீட்டுக்கு ஓடு மாற்றியிருக்கலாம் என்றேன். அம்மா முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. தப்புதான், மன்னித்துவிடு. நீ திருப்பிச் சொன்னதை இங்கே எழுதமாட்டேன், சித்தப்பா வீட்டில் இதையெல்லாம் படிக்கிறார்கள். ஆனால் ஒழுகிய வீட்டில் ஐப்பசி முழுக்கப் பாத்திரம் வைத்தது நான்தானே அண்ணா. நீ இருக்கும் கபோரோனேயிலிருந்து பணம் வந்தது, ஆள் வரவில்லை.

இருந்தாலும் அவளை அங்கே கூட்டிப்போனது நீ. சாகும்வரை பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் பேசினாள். அதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

அம்மாவுடையது ஏதாவது அனுப்பு என்று காலையில் கேட்டாய். கண்ணாடிக் கூட்டை அனுப்புகிறேன். மாலையைத் தரமாட்டேன்.