நீ கேட்காத மணி

அன்புள்ள ரூம்மேட்டுக்கு,

மாமா ஆகஸ்டில் காலமாகிவிட்டார். எந்த மாமா என்று நீ கேட்க மாட்டாய். என் சொந்தக்காரர்களில் உனக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

இதை உனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். நான்கு தடவை எழுதி அழித்தேன். தனியாக எழுதினால் "மாமா போயிட்டார்டி" என்று ஒரு வரி போடுவேன், நீ ஒரு கும்பிடு போடுவாய், அதோடு முடிந்துவிடும். இங்கே எழுதினால் அப்படி நழுவ முடியாது. நம் பட்ச்காரர்கள் வாசிப்பார்கள், ஹைக்கிங் கிளப்பில் இப்போது இருக்கும் பிள்ளைகள் வாசிப்பார்கள். உன் அம்மாவும் வாசிப்பார். என் பதிவுகளுக்கு முதல் லைக் எப்போதும் அவருடையதுதான். அதனால் சில இடங்களைப் பூசி மெழுகித்தான் எழுதுவேன். உனக்குப் புரிந்தால் போதும்.

போன மாதம் கிளப்பிலிருந்து ஒரு தங்கச்சி பேசினாள். புது வருடத்துக்கான பயணப் பட்டியலை அனுப்பி, ஜனவரியில் சிவனொளிபாதமலைக்கு (இலங்கையின் ஆதாம் மலைக்கு) பழைய ஆள் ஒருவர் கூட வந்தால் நல்லது என்றாள். பட்டியலைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. ஒன்றும் மாறவில்லை. ஜனவரியில் மலை, பிப்ரவரியில் ஹோட்டன் சமவெளியும் கிரிகல்பொத்தையும், சித்திரைப் புத்தாண்டு லீவுக்கு முன்னால் நக்கிள்ஸ் மலைத்தொடர், புதுப் பிள்ளைகள் வந்ததும் வழக்கம்போல ஹந்தானை மலை. மலையைச் சுற்றியுள்ள காட்டையும் ஹோட்டனையும் நக்கிள்ஸையும் சேர்த்து 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை ஆக்கிய விஷயத்தைக்கூடப் போஸ்டரில் போட்டிருந்தார்கள். நமக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? நமக்கு நக்கிள்ஸ் என்றால் அட்டை. மீமுரேயில் ஓடைக்கரையில் உட்கார்ந்து உன் காலில் நான் பிடுங்கியது பதினேழு. சவர்க்காரம் பூசிக்கொண்டு வா என்று சொன்னால் கேட்டால்தானே. ஹோட்டன் என்றால், கேட்டில் நின்று தண்ணீர்ப் போத்தல் லேபிளைக் கிழித்து வாங்கும் ஆள். பிஸ்கட் பக்கெட்டைப் பிரித்துக் கடதாசியில் சுற்றித் தந்தாரே, அவர்.

முதல் வருடம் ஹந்தானைக்கு ஏறியபோது, எதிரே வெள்ளையாகத் தெரிந்ததைக் காட்டி "இது மேகமோ மலையோ" என்று என்னிடம் கேட்டாய். உன் ஊரில் பனைமரத்தைவிட உயரமான எதையும் நீ பார்த்ததில்லை. எனக்கு உன்னை அன்றைக்கே பிடித்துப் போயிற்று.

சரி, மலைக்கு வருகிறேன்.

2014 ஜனவரி. யார் யார் வந்தார்கள், யார் பாடினார்கள், நோர்வூட்டில் பஸ் நின்றபோது யார் காணாமல் போனார்கள் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மஸ்கெலியா தாண்டி, நீர்த்தேக்கத்தை ஒட்டிப் பஸ் வளைந்து போகும்போது நீ என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். ஜன்னலுக்கு வெளியே சரிவில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு லைட் எரிந்தது. மூன்றாவது லைட் எங்கள் வீடு. அம்மா முழித்துத்தான் இருந்திருப்பார். அந்தப் பக்கம்தான் வருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். இறங்க மாட்டேன் என்றும் சொல்லியிருந்தேன்.

கம்பஸில் எல்லோருக்கும் நான் ஹட்டன். "ஹட்டனில் எங்கே?" என்றால் "டவுனுக்குப் பக்கத்தில்." அந்த டவுனுக்குப் பக்கம் முப்பது கிலோமீட்டர் நீளம். லயம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, அந்தச் சொல் நான்கு வருடத்தில் என் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை. சிவனொளிபாதமலைக்குப் போகிறோம் என்று கிளப்பில் முடிவானபோது, யார் யாருக்கு முதல் தடவை என்று கேட்டார்கள். நீ கை தூக்கினாய். நானும் தூக்கினேன்.

எனக்கு அது ஐந்தாவது தடவை.

சின்ன வயதில் நான்கு முறை மாமாவோடு ஏறியிருக்கிறேன். முதல் முறை பாதி தூரம் அவர் தோளில். டிசம்பரில் உந்துவப் போயாவில், அதாவது பௌர்ணமியில், சீசன் தொடங்கி மே மாத வெசாக் வரைக்கும் அவருக்கு மலைதான் வீடு. தகரமும் பலகையும் சுமந்து ஏறி, இந்திக்கட்டுபானவுக்கு மேலே தேநீர்க்கடை போட்டுவிடுவார். புத்தர் சீவரம் தைக்க உட்கார்ந்த இடம் என்பார்கள், ஊசியில் நூல் கோத்து நீட்டிக்கொண்டே போகும் இடம். சிவன் பாதம் என்று போகும் நம் சனமும் அங்கே நூல் நீட்டும். மலையில் யாரும் யாரையும் எதற்கு என்று கேட்பதில்லை. எனக்கு ஒரு உருண்டை வெள்ளை நூல் வாங்கித் தருவார் மாமா. அது தீருமட்டும் அழாமல் ஏறுவேன்.

நாம் அந்தக் கடைக்கு வந்தபோது விடிகாலை மூன்றே முக்கால் இருக்கும். நீ ஏற்கனவே இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தாய். அன்று உனக்கு ஏன் முடியாமல் போயிற்று என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். வயிறு சரியில்லை என்றே வைத்துக்கொள்வோம். (உன் அம்மாவுக்குச் சொல்கிறேன், வெறும் வயிறுதான்.) உன்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு எல்லோரும் உள்ளே நுழைந்தார்கள். நான் வேறு கடைக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன், யாரும் கேட்கவில்லை. பச்சை மஃப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்து வாயைத் திறந்தார்.

அதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ப்ளேன்டி ஹதக் தென்ன."

ஏழு ப்ளேன்டி கொடுங்கள். சிங்களத்தில். என் அம்மாவின் கூடப்பிறந்தவரிடம்.

அந்த ஒரு நொடியை நான் எத்தனையோ தடவை திருப்பிப் பார்த்திருக்கிறேன். திறந்த வாயை அவர் மூடவில்லை. அதே சிரிப்பை வைத்துக்கொண்டே, கொஞ்சம் பார்வையை மட்டும் தாழ்த்தி, "ஹரி நோனா" என்றார். சரி, அம்மணி. ஏழு கிளாஸை வரிசையாக வைத்து, கேத்திலை உயரத் தூக்கி ஊற்றினார். கை நடுங்கவில்லை. என் கிளாஸில் மட்டும் இஞ்சியைத் தட்டிப் போட்டிருந்தார். நான் ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். எண்ணி மிச்சம் கொடுத்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கும்போது பார்த்தேன், ஐந்து நூறு ரூபாய்த் தாள்.

அப்புறம்தான் நீ இனி ஏற முடியாது என்றாய். யாராவது ஒருத்தி உன்னோடு இருக்க வேண்டும் என்றார்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். ரூம்மேட் நான்தானே. நான் கடைக்காரரைக் காட்டி, "இந்த ஆள் பார்க்க நல்லவர் மாதிரித்தான் இருக்கிறார், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். நீ என்னைப் பார்த்த பார்வை ஞாபகம் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருத்தரிடம், மொழி தெரியாத இருட்டில், விட்டுவிட்டுப் போகிறேன் என்று நினைத்தாய். அப்படி இல்லையடி. உலகத்தில் நான் அதிகம் நம்பிய ஆளிடம்தான் விட்டுவிட்டுப் போனேன். அதை உன்னிடம் சொல்ல முடியாத நிலையில் இருந்தேன். இருந்தேன் என்ன, நானே செய்துகொண்டது.

மேலே நல்ல குளிர். மணிக்கு முன்னால் வரிசை. எத்தனை முறை ஏறியிருக்கிறோமோ அத்தனை முறை அடிக்க வேண்டும். எனக்கு முன்னால் ஒரு சிங்களப் பாட்டி இருபத்து மூன்று அடித்தார், கூட்டம் சாது சாது என்றது. என் முறை வந்தது. முதல் தடவைக்காரி, ஒன்று அடித்தேன். கயிற்றை விட்டிருக்க வேண்டும். கை விடவில்லை, இன்னொன்று அடித்துவிட்டது. இன்னும் மூன்று பாக்கி என்று கைக்குத் தெரிந்திருக்கிறது. பின்னாலிருந்து "ஏய், உனக்கு முதல் தடவை என்றாய்?" என்று யாரோ கேட்டார்கள். "இது அவளுக்காக" என்றேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். என்ன சிநேகிதம் என்றார்கள். கிளப்பின் ஆண்டு மலரில்கூட எழுதினார்கள். சூரியன் வந்தது, மேற்கே முக்கோணமாக நிழல் விழுந்தது, எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டு அந்தத் தாள்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆக, அந்த இரண்டாவது மணி உனக்காக அடித்தது இல்லை. இதைச் சொல்லத்தான் இத்தனை நீளம். என் கை தவறிய இடத்தில் உன் பெயரை எடுத்து ஒட்டுப் போட்டேன். ஹட்டன் பஸ்ஸில் விஷயம் தெரிந்து, "உன்னை ஆர் அடிக்கச் சொன்னது? நான் ஏறாத மலைக்கு என்ர பேரில ஏன் மணி அடிச்சனீ?" என்று கேட்டாய் பார், நூற்றுக்கு நூறு நியாயம். நான் என்னமோ தியாகத்தை நீ மதிக்கவில்லை என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, மற்றவர்கள் தூங்கிய பிறகு, என் காதுக்குள் சொன்னாய். "உன்ர மாமா நல்ல மனுசன்."

உன் கழுத்தில் அந்தப் பச்சை மஃப்ளர் இருந்தது. அதுவரைக்கும் நான் கவனிக்கவில்லை.

அவர் சொல்லியிருக்கிறார். குறையாகச் சொல்லியிருக்க மாட்டார், எனக்குத் தெரியும். "அது நம்ம புள்ளதாம்மா, கூட்டாளிங்க முன்னுக்கு வெக்கப்படுது" என்று சிரித்திருப்பார். நீ அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஆளிடம்கூட. அதற்காகத்தான் உன்னோடு ஆறு மாதம் பேசவில்லை. சொல்லிக் கொடுத்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். நீ சொல்லாமல், அந்த மஃப்ளரைத் துவைத்து நம் அறைக் கொடியில் காயப் போட்டாய். காய்ந்த பிறகும் எடுக்கவில்லை. படிக்கும்போது, தூங்கப் போகும்போது, எழும்பும்போது கண்ணெதிரே தொங்கியது. மறந்துவிட்டாயா, வேண்டுமென்றே செய்தாயா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எல்லாத் தப்பையும் நானே எடுத்துக்கொள்ளவும் மாட்டேன். இரண்டாம் வருடம், விடுதிச் சாப்பாட்டு மேசையில், தோட்டத்து ஆட்களைப் பற்றி ஒருத்தி ஒரு சொல் சொன்னாள். ஜூனியர்கள் வாசிக்கிறார்கள், அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன். நீ அதைச் சொல்லவில்லை. சிரித்தாய். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள் என்பதற்காகச் சிரித்திருக்கலாம். நானும்தான் சிரித்தேன், அது வேறு கதை. ஆனால் அன்று ராத்திரி, எந்த ஊர் என்று உன்னிடம் மட்டுமாவது சொல்லிவிடலாம் என்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை விழுங்கிவிட்டேன். நீ சிரிக்காமல் இருந்திருந்தால் மாமாவை நான் மாமா என்று கூப்பிட்டிருப்பேன் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாக இல்லை.

2023இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு வருடம் ஆனதற்காக, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்களே, அப்போது நீ போட்ட பதிவைப் பார்த்தேன். "எங்கட உறவுகள்" என்று எழுதியிருந்தாய். நல்ல பதிவுதான். நான் லைக் போடவில்லை. இரண்டு நாள் கோபமாகவே இருந்தது. அப்புறம் மாமாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு, "இது அந்த வாந்தி எடுத்த புள்ளதானே? நல்லா இருக்கா?" என்றார். மன்னிப்புக் கேட்க அவரிடம் ஒரு தடவை ஆரம்பித்தேன், முடிக்க விடவில்லை. "நீ சிங்களத்துல கேட்டது நல்ல சுத்தமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கிண்டலா, பெருமையா தெரியவில்லை. அவரிடமிருந்து அதற்கு மேல் எனக்குக் கிடைக்கவில்லை.

தங்கச்சியிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வார நாளில், போயா இல்லாத இரவாகப் பார்த்து வைக்கச் சொன்னேன்; போயா அன்று போனால் கடைசிப் படிகளில் இரண்டு மணித்தியாலம் அடுத்தவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். போகும் வழியில் பஸ்ஸை மஸ்கெலியா தாண்டி நிறுத்தி, பிள்ளைகள் எல்லோருக்கும் எங்கள் வீட்டில் ராச்சாப்பாடு. ரொட்டியும் கட்டச் சம்பலும். இருபத்திரண்டு பேர் என்றதும் அம்மா திட்டினார், உடனே மாவுக் கணக்கும் போட ஆரம்பித்துவிட்டார். மாமாவின் கடை இருந்த இடத்தை இந்த சீசனில் வேறு யாரோ எடுத்திருக்கிறார்களாம். அவர் மகன் கொழும்பில் கடை வேலை, மலைக்கு வர மாட்டான்.

மேலே போய் ஆறு தடவை அடிக்க வேண்டும். பிள்ளைகள் எண்ணட்டும்.

உன்னை வா என்று கூப்பிடவில்லை. இப்போது உனக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறாள், அங்கிருந்து வருவதும் லேசில்லை. வந்தால் உனக்கு ஒன்று, நீயே அடித்துக்கொள்.

வராவிட்டால் ஒன்று செய். அந்த மஃப்ளர் இன்னும் உன்னிடம் இருந்தால் அத்தைக்கு அனுப்பிவிடு. தேடிக்கொண்டிருக்கிறார், எங்கே போயிற்று என்று நான் இன்னும் சொல்லவில்லை. விலாசத்தைத் தனியாக அனுப்புகிறேன். டிவிஷன் பெயரும் லயம் நம்பரும் மறக்காமல் எழுது, இல்லாவிட்டால் தோட்டத்து ஆபீசிலேயே கிடக்கும்.